பத்தாம் துறைமுகம்

ஒன்பது துறைமுகங்களிலிருந்து பதில் வந்துவிட்டது. பத்தாவதிலிருந்து ஒன்றுமில்லை.

பகல் பன்னிரண்டு மணிக்குப் புயல் எச்சரிக்கை மையத்திலிருந்து செய்தி கிளம்பியது. இரண்டரைக்குள் காற்று பத்தாம் துறைமுகக் கரையைத் தொட்டுவிடும் என்று வானிலைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். கடலில் இருக்கும் படகு கரை சேர ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

இப்போது மணி பன்னிரண்டு இருபது.

எச்சரிக்கை அனுப்பும் சர்வர்களைப் புதிதாக மாற்றி ஒரு நாள்தான் ஆகிறது. எந்தப் படகுப் பட்டியலுக்கு, எந்த வழியாகச் செய்தி போக வேண்டும் என்பதெல்லாம் துறைமுகத்துக்கு ஒன்றாக ஒரு கான்ஃபிக் ஃபைலில் இருக்கும். கையால் எழுதினால் பிழை வரும் என்று, சர்வர்களைக் கவனிக்கும் பொறியாளரான அவளே ஒரு புரோகிராம் எழுதி, பத்து ஃபைல்களையும் ஒரே மூச்சில் தயாரித்திருந்தாள்.

பழைய சர்வர்களை நேற்று மாலையே அணைத்தாயிற்று. திரும்பிப் போக வழியில்லை.

பத்தாவது ஃபைலைத் திறந்து வரி வரியாகப் படித்தாள். முகவரி சரி. கடவுச்சொல் சரி. மறுபடி மேலே போனாள். எழுத்துகள் கண்ணுக்குள் நீந்தின.

"பதறாதம்மா. நிதானமா பாரு," என்றார் மேலாளர், அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி.

அவளே எழுதிய புரோகிராம், அதனால்தான் இந்தப் பதற்றம் என்று அவர் நினைத்தார். அவரும் ஒன்றும் நிதானமாக இல்லை. பத்தாம் துறைமுக அலுவலகத்துக்கு ஏழாவது தடவையாக ஃபோன் அடித்துக்கொண்டிருந்தார். யாரும் எடுக்கவில்லை.

ஃபைலை அழித்துவிட்டு மறுபடி தயாரித்தாள். அச்சு அசலாக அதேதான் வந்தது. இன்னொரு முறை. அதேதான்.

உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

மேலாளரின் ஃபோன் ஒலித்தது. பேசிவிட்டு எரிச்சலோடு வைத்தார். "எட்டாம் துறைமுகத்துலேருந்து. ஒரே செய்தி ரெண்டு ரெண்டு தடவை வருதாம். இதுக்கெல்லாம் இப்பதான் கூப்பிடணுமா?"

அவள் கை நின்றது.

எட்டுக்கு இரண்டு. பத்துக்கு ஒன்றுமில்லை.

பத்தாம் துறைமுகத்தின் எண் 010. அவளுடைய புரோகிராம் அதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதியிருந்தது. முன்னால் சுழியம் போட்ட எண்ணை எட்டெட்டாக எண்ணும் பழைய கணக்கில் படிப்பது அந்த சர்வரின் பழக்கம். அதன் கண்ணுக்கு 010 என்றால் ஒரு எட்டும் ஒரு சுழியமும்; பத்து அல்ல, எட்டு. பத்தாம் துறைமுகத்துக்கான எச்சரிக்கை முழுக்க எட்டாம் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு மேற்கோள் குறிகள் போட்டால் எழுத்தாக அப்படியே படித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அவசரத்தில் ஒன்று இரண்டாக விழுந்தது. அழித்தாள், சரியாகப் போட்டாள், ஃபைலை ஏற்றினாள்.

சர்வர் எழுந்து நிற்க நாற்பது நொடி எடுத்துக்கொண்டது.

பன்னிரண்டு நாற்பதுக்கு, பத்தாம் துறைமுகத்தின் நாற்பத்தாறு படகுகளுக்கும் செய்தி போனது.

கடலில் இருப்பவர்கள் ஃபோனில் 'பார்த்தேன்' என்று தட்டத் தட்ட, திரையில் எண் ஏறியது. நான்கு. பதினொன்று. முப்பது. நாற்பத்தைந்து.

நாற்பத்தைந்தில் நின்றுவிட்டது.

மேலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பிச்சோம்மா. அந்த ஒருத்தன் வலை இழுத்துட்டிருப்பான். கை ஒழிஞ்சதும் பாப்பான்."

"பாக்க மாட்டார், சார்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடலோரக் காவல்படைக்குச் சொல்லுங்க. வடக்குப் பாறைக்கு அந்தப் பக்கம். தனியாத்தான் போயிருக்கார். யாராவது பக்கத்துல போய்ச் சொன்னாத்தான் உண்டு."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

மேசைக்கு அடியில், அவளுடைய கைப்பைக்குள் ஏதோ அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

அவள் ஃபோன் கீபோர்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

குனிந்து, பைக்குள் இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தாள். பூட்டிய திரையில் அவள் அனுப்பிய எச்சரிக்கை, 'பார்த்தேன்' என்று தட்டாதவர்களுக்கு மறுபடி மறுபடி போவது, மின்னிக்கொண்டிருந்தது. மேலாளர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு காவல்படையின் எண்ணைத் தட்டத் தொடங்கினார்.

விடியற்காலையில் அவள் கணவன் வலையை மடித்துக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய அவன் சட்டையிலிருந்து அவள் எடுத்த அவனுடைய ஃபோன் அது. கொஞ்ச நாளாக யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறான் என்று ஒரு தடவை பார்த்துவிட நினைத்திருந்தாள்.

அவன் கிளம்புவதற்குள் திரும்ப வைத்துவிடலாம் என்றுதான் இருந்தாள்.