பொக்கை வாய்

தன் வயிற்றிலிருந்து எடுத்த புழுவைத் தன் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று அத்தான் என் லேப் டெக்னீஷியன் மாலை வகுப்புக்கே வந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு எடுத்த கொக்கிப்புழு. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. "அந்தப் பய" என்றுதான் அதைச் சொல்வார்.

புழு இருந்த பாட்டிலை முன்பே என்னிடம் கொடுத்திருந்தார். பாடம் எடுக்கும் மேடத்திடம் அனுமதி வாங்கி, மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஸ்லைடு தயாராக வைத்திருந்தேன்.

விஷயம் இதுதான். வாய்க்குள் ஒரு ஜோடி பெரிய பல் இருந்தால், அது நாயிடமிருந்து வரும் இனம். இரண்டு ஜோடிப் பற்களோ, பல்லே இல்லாமல் தகடுகளோ இருந்தால், மனிதரிடமிருந்து வருவது.

இதைச் சாப்பாட்டு மேஜையில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னவன் நான்தான்.

ஒரு ஜோடி பல் தெரிந்தால் மேனேஜர் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அத்தான் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மேனேஜர், அக்கா மகளின் நாய். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைப்பதால் அந்தப் பெயர். கூட்டிக்கொண்டு போக ஆள்கூடப் பேசியாகிவிட்டது. அக்கா மகள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

உடம்புக்கு நல்லது என்று யாரோ வீடியோவில் சொன்னதைக் கேட்டு, தினமும் தோட்டத்து ஈர மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர் அத்தான். இந்தப் புழு பாதத்தின் வழியாகத்தான் நுழையும். அதையும் மேஜையில் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை.

ஸ்லைடை வைத்தேன். ஒரு முனையை நடுவுக்குக் கொண்டுவந்தேன். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன். லென்ஸைத் துடைத்தேன். எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது.

"என்ன மச்சான், அதுக்குப் பல்லு முளைக்கட்டும்னு காத்திருக்கியா? தள்ளு."

தள்ளி நின்றேன். அத்தான் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தார்.

குடை விரித்தாற்போல் அகன்ற முனை. நடுவிலிருந்து கம்பிகள் போலப் பிரியும் கோடுகள். வேறொன்றும் இல்லை.

"இதுல பல்லு எங்கடா இருக்கு?"

"நல்லாப் பாருங்க அத்தான். நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

அவர் நன்றாகத்தான் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லையே. பொக்கை வாய்!"

பாவம், குரலில் அத்தனை ஏமாற்றம். அங்கேயே போனை எடுத்து அக்காவிடம் சொன்னார். மறுமுனையில் முதலில் குழந்தையின் கூச்சல் கேட்டது, பிறகு குரைப்பு. நாயைக் கூட்டிப்போக வேண்டிய ஆளையும் வர வேண்டாம் என்றார்.

"அப்ப எந்த மனுஷன்கிட்டேருந்து வந்திருக்கும்?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தபடியே கிளம்பிப் போனார்.

மேடம் அடுத்த மேஜையிலிருந்து வந்து மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை.

"தம்பி, இது வால்."

ஆண் புழுவுக்கு வால் அப்படித்தான் குடையாக விரிந்திருக்கும். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் அதை வாய் என்று நினைத்து ஏமாறுவார்கள். அதனால் முதல் மாதமே அதைத்தான் சொல்லித்தருவார்கள்.

அவர் ஸ்லைடை மறுமுனைக்கு நகர்த்தினார். மறுபடி குனிந்தார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"நீ இதை எப்பப் பார்த்த?"

"நேத்தே பார்த்துட்டேன் மேடம். ஒரு ஜோடி. நல்ல பெருசு. காலையில மேனேஜருக்குப் பூச்சி மாத்திரை குடுத்துட்டுத்தான் வந்தேன்."