மைனி எடுக்காத திருவிருந்து

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் மைனியின் சபையில் மூப்பராக இருக்கிற தங்கையன் மூப்பர். 1954-ல் ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை, விதுராவில் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் என் மைனி சரசம்மா திருவனந்தபுரத்தில் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்கள். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிட்டது.

மைனி என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. இளவயதிலேயே தாலி இழந்தவர்கள். மிஷனில் பைபிள் அம்மை வேலை. ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் கிடப்பவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவார்கள், தலை வாரி விடுவார்கள். கேட்டால் ஒரு சங்கீதம் வாசிப்பார்கள். கேட்காவிட்டால் சும்மா பக்கத்தில் இருப்பார்கள். இப்படி முப்பது வருஷம்.

அடக்கத்தன்று காலை மைனியின் மகன் செல்லக்கண், வீட்டு முற்றத்தில் மூப்பர் முன்னால் போய் நின்றானாம்.

"அம்மையைக் கோயிலுக்குள்ள கொண்டு வந்து வைக்கணும். ஜீவிய சரித்திரம் வாசிக்கணும்."

"அது முறை இல்லை, மக்கா. நேரே கல்லறைக்குக் கொண்டுபோ. அங்க ஜெபம் பண்ணிக்கலாம்."

"என்ன முறை?"

"உன் அம்மை எட்டு வருஷமா திருவிருந்து எடுக்கலை. மாசத்து முதல் ஞாயிறு எல்லாரும் எழும்பி அப்பமும் ரசமும் எடுக்க மேசைக்கு வருவோம். அவ கடைசி பெஞ்சை விட்டு அசைய மாட்டா. போதகர் கேட்டும் காரணம் சொல்லலை."

யாரோடாவது பகை வைத்திருப்பவர்கள், ஒப்புரவாகும் வரை மேசைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் சபையில் எல்லாரும் அறிந்தது. மைனிக்கும் அப்படி ஏதோ என்றுதான் பேச்சு.

சபைச் செயலாளர் மாசிலாமணி லேசாகச் சிரித்தாராம். "பகை வேற யாரோட? மருமகளோடயாக்கும். ஒரே அடுக்களைல்லா?"

செல்லக்கண்ணின் மனைவிக்குத் தாங்கவில்லை. "இந்தப் பேச்சை எட்டு வருஷமா கேக்கேன், சாரே. எனக்குத் தலைவலின்னா பத்து அரைச்சுப் போட்டது அவங்கதான். பகையாளி செய்யுற வேலையா அது?"

"அப்போ காரணத்தை நீயே சொல்லு."

"எங்ககிட்டயும் சொல்லலையே."

செல்லக்கண் மூப்பரின் கையைப் பிடித்துக்கொண்டானாம். "ஊருக்கெல்லாம் ஜெபம் பண்ணினவங்க. பாவின்னு சொல்லியா மண்ணுக்கு அனுப்பணும்?"

"முறைன்னு ஒண்ணு இருக்கு, மக்கா."

"நான் சொல்லுதேன்."

வாசல் பக்கம் நின்ற ஞானப்பூ பேசினாளாம். வேதத்துக்கு வெளியே, வேறு மதத்தில் கல்யாணம் கட்டினதற்காக, திருவிருந்து எடுக்கக் கூடாது என்று சபை தடை போட்டிருந்த பெண். நான் அவளை அதுவரை பார்த்ததில்லை.

"எனக்குத் தடை விழுந்த முதல் மாசம். எல்லாரும் எழும்பிப் போயாச்சு. அவ்வளவு பெஞ்சும் காலி. நான் ஒருத்தி மட்டும் இருக்கேன். போறவங்க திரும்பித் திரும்பிப் பாக்காங்க. பாதி வழி போன இந்தப் பெரியம்மை திரும்பி வந்து, 'கொஞ்சம் நீங்கி இரு மக்களே'ன்னு பக்கத்துல உக்காந்தாங்க. 'போகலையா'ன்னு கேட்டேன். 'எனக்கென்ன அவசரம்? உன்னைக் கூப்பிடும்போ ரெண்டு பேரும் சேர்ந்து போவோம்'னாங்க. யாருகிட்டயும் சொல்லாதே, சொன்னா உனக்குத்தான் இன்னும் பேச்சு வரும்னாங்க. அதான் நானும் சொல்லலை."

மூப்பரே நடந்து போய்க் கோயிலின் பெரிய கதவைத் திறந்துவிட்டாராம். மைனி உள்ளே போனார்கள். ஜீவிய சரித்திரத்தைச் செல்லக்கண்ணே வாசித்தான்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மூப்பர் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல காரியம் செய்தீங்க, அண்ணாச்சி," என்றேன்.

"என்ன நல்ல காரியம்? தடைத் தீர்மானத்துல முதல் கையெழுத்து என்னுது. எட்டு வருஷமா அந்தப் பெஞ்சைக் கடந்துதான் மேசைக்குப் போனேன்." டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஞானப்பூ என் மகளாக்கும், தங்கச்சி."

"தடையை எடுத்தாச்சா?" என்றேன்.

"கமிட்டி கூடணும்."

"அதுவரைக்கும் அவ பக்கத்துல யாரு இருக்கா?"

மூப்பர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பினார்.

கமிட்டி இன்னும் கூடவில்லை. இரண்டு மாதமாக முதல் ஞாயிறு தோறும் நான் பஸ் ஏறிப் போய் அந்தக் கடைசி பெஞ்சில் இருக்கிறேன். வருகிற மாதம் என் மகளுக்குப் பிரசவம், என்னால் போக முடியாது. இதை வாசிக்கிறவர்களில் திருவனந்தபுரத்தில் இருக்கிற நீங்கள் யாராவது அந்த ஒரு ஞாயிறு மட்டும் ஞானப்பூ பக்கத்தில் போய் இருங்கள்.