பேனர் கட்டிய துடுப்புகள்

என் கணவருக்குப் பள்ளி மைதானத்தில் இரங்கல் கூட்டம் நடக்கிறது. அவர் படம் போட்ட பேனரை இரண்டு துடுப்புகளில் கட்டி நட்டிருக்கிறார்கள். இந்தப் பள்ளிக்கென்று ஒரு படகு அணி வேண்டும் என விடுமுறையெல்லாம் உட்கார்ந்து அவர் இழைத்த துடுப்புகள். கைப்பிடியில் அவர் பென்சிலால் போட்ட எண்கள் வெயிலில் தெரிகின்றன; தட்டையான முனைகள் சேற்றில் புதைந்திருக்கின்றன. "அணியின் தந்தை" என்று மைக்கில் உருகுகிறார் தலைமையாசிரியர். அணிக்கு அனுமதி தரும் ஒரு கையெழுத்துக்காக மூன்று வருடம் அவரை அலையவிட்டவர். அதுவரை பிள்ளைகள் வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, துடைப்பக் கட்டையால் காற்றைத்தான் வலித்தார்கள். இன்று நான்கு மணிக்குப் படகு முதன்முதலாக ஏரியில் இறங்க வேண்டும். அணித்தலைவி என் காதருகே குனிகிறாள். "அக்கா, இருக்கறதே நாலு துடுப்பு. ரெண்டு இங்க மாட்டிக்கிச்சு. கேட்டா, 'துக்கத்துல என்ன விளையாட்டு'ன்னு ஹெட்மாஸ்டர் திட்டுறாரு."

"இன்னும் எத்தனை பேர் பேசணும்?"

"ஏழு பேரு. எல்லாருமே சாரைக் கிண்டல் பண்ணவங்க."

நான் எழுந்து போய் முடிச்சுகளை அவிழ்க்கிறேன். கயிறு நெகிழ, பேனரில் அவர் முகம் மடங்கிச் சரிகிறது. "அம்மா, பேனர் விழுது!" என்று தலைமையாசிரியர் ஓடி வந்து இரு கைகளாலும் தாங்குகிறார். நான் துடுப்புகளைச் சேற்றிலிருந்து பிடுங்கி அணித்தலைவியிடம் நீட்டுகிறேன்.

"மூணு வருஷம் அவரைப் பிடிச்சு வச்சிருந்தீங்களே சார். இன்னும் அரை மணி நேரம் பிடிங்க."