நடுவில் ஒரு கம்பி

மெட்ரோ ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அனந்தலக்ஷ்மி திடீரென்று மயங்கிச் சாய்ந்தாள். மகன் ஸ்ரீஹர்ஷா அவளைப் படுக்கவைக்கப் பார்த்தான். முடியவில்லை. ஒவ்வொரு இருக்கைக்கும் நடுவே இரும்புக் கம்பி.

பக்கத்திலிருந்த பெண் சட்டென்று தரையில் உட்கார்ந்து, அனந்தலக்ஷ்மியை மடியில் கிடத்திக்கொண்டாள்.

“செடி கொடியெல்லாம் ஜோரா வெச்சிருக்கான். யாரும் படுத்துடக் கூடாதுன்னு கம்பியும் வெச்சிருக்கான் பாருங்க ஸார். அவனுக்கெல்லாம் அம்மா இல்லியா?”

ஸ்ரீஹர்ஷா அம்மாவின் முகத்தில் தண்ணீர் தெளித்தான்.

அனந்தலக்ஷ்மி கண் திறந்தாள்.

“இந்த வெயில்ல எங்கம்மா கிளம்பினீங்க?” என்றாள் அந்தப் பெண்.

“எங்கேயும் போகலைம்மா. இந்த ஸ்டேஷனைப் பார்க்கத்தான் வந்தேன். எல்லாம் என் பிள்ளை டிசைன் பண்ணினதாக்கும்!”

அந்தப் பெண் நிமிர்ந்தாள். ஸ்ரீஹர்ஷா செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.