காதில் விழுந்தது

திண்டிவனத்தில், ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான இல்லத்தில் இருக்கும் தம்பி ஜமாலைப் பார்க்க பர்வீன் ஞாயிறுதோறும் கோட்டக்குப்பத்திலிருந்து வருவாள். முப்பது வயதாகியும் அவன் சொந்தமாக எதுவும் பேசமாட்டான். காதில் விழுந்ததை அதே குரலில் திருப்பிச் சொல்வான். விழாத எதையும் சொன்னதே இல்லை.

இன்று காப்பாளர் சீனுவாசனின் குரலில், "ஜல்தி முழுங்குடா, அடி வாங்கிக்கினு சாவாத" என்றான்.

"டிவில கேட்டிருப்பாரும்மா" என்று சீனுவாசன் சிரித்தார்.

அடுத்து ஜமால் பர்வீனின் குரலில் அழுதான். "நேத்து பாத்தப்ப நல்லாத்தான சார் இருந்தான்?"

அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். "இவன இப்பவே கூட்டிக்கினு போறேன்."

சீனுவாசன் அவள் விரல்களை மெல்லப் பிரித்துவிட்டார்.

"டாக்டர் கையெழுத்து வேணும்மா. நாளைக்கு வாங்க."