நாலு மணிப் படகு

"சீக்கிரம் வாங்க சார்! மணி மூணு அஞ்சு. நாலு மணிக்குக் கடைசிப் படகு. அதை விட்டா இந்தத் தீவுல ராத்திரி கொசுவுக்குத்தான் விருந்தாகணும்!"

தரகர் குடையை மடக்கிக்கொண்டு பறந்தார். வீடு பார்க்க வந்த தம்பதியில் கணவரோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தென்னை மரங்களை எண்ணிப் பார்க்க வந்தவர் மாதிரி நடந்தார். படகுத்துறையிலும் அப்படித்தான். கூட்டமெல்லாம் இறங்கிப் போன பிறகுதான் சாவகாசமாக வந்து மனைவியோடு சேர்ந்துகொண்டார்.

தரகருக்கு ஒரு தொழில் ரகசியம் உண்டு. தீவில் எந்த வீட்டையும், வாங்க வருகிறவர்களை மூன்று மணிப் படகில் கூட்டி வந்துதான் காட்டுவார். உட்கார்ந்து பார்த்தால் நூறு ஓட்டை தெரியும். ஓடிக்கொண்டே பார்த்தால் வாசலும் கடல் காற்றும்தான் தெரியும். பன்னிரண்டு வருட அனுபவம்!

"சார் எதுல வேலை?" ஓட்டத்தோடு ஓட்டமாகக் கேட்டுவைத்தார்.

"போக்குவரத்துல. அடுத்த மாசம் ரிடையர்."

"வர்ற பணம் மொத்தமும் இந்த வீட்டுலதான் போடப்போறோம்" என்றார் மனைவி. "தப்பான வீடா அமைஞ்சா இன்னொண்ணு வாங்க வழியில்லைங்க. அதனால நிதானமாத்தான் பாப்போம்."

நிதானம் என்ற சொல்லே தரகருக்கு ஆகாது. வீட்டைத் திறந்தார். "இது ஹால், இது சமையலறை, அது ரூம். பாத்தாச்சா? அட்வான்ஸ் எழுதிடலாமா?"

மனைவி குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்தார். "உப்புக் கரிக்குதே?"

"கடலோரம் இல்லையாம்மா, இங்க காத்துலயே உப்பு!"

"நான் காத்தைக் குடிக்கலையே. மேல்தொட்டியைக் கழுவி எத்தனை வருஷமாச்சு?"

தரகர் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார். "அந்தக் காலண்டரைக் கொஞ்சம் தூக்குங்க."

தூக்கினால், பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம்.

"போன வருஷக் காலண்டர் இன்னும் ஏன் தொங்குதுன்னு அப்பவே நினைச்சேன்" என்றார் மனைவி.

தரகருக்கு வியர்த்தது. "மணி மூணரை ஆச்சு சார்! படகு போயிடும்!"

"படகு எங்கயும் போயிடாது. உக்காருங்க" என்றார் கணவர்.

"உங்களுக்குத் தெரியாது சார். அதை ஓட்டுறவன் கல்நெஞ்சக்காரன். நாலுன்னா நாலுதான். போன வருஷம் நான் குடையை ஆட்டிக்கிட்டு ஓடி வர்றேன், எடுத்துட்டுப் போயிட்டான்! ராத்திரி பூரா டிக்கெட் கொட்டகை பெஞ்சுல கிடந்தேன்."

"அடடா" என்றார் கணவர், நிஜமான வருத்தத்தோடு. பிறகு அறைக்குள் போய், மூடியிருந்த ஜன்னலைத் தள்ளினார்.

"அதைத் தொடாதீங்க சார்!"

அதற்குள் ஒரு தள்ளு தள்ளிவிட்டார். ஜன்னல் திறந்தது. துருப்பிடித்த கீல் ஒன்று கையோடு வந்துவிட்டது.

தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது கெட்ட ஜன்னல் சார். எதிர்லயே படகுத்துறை. நாள் பூரா ஹாரன் சத்தம். யாருக்கும் பிடிக்காது, அதான் சாத்தியே வச்சிருக்கேன்."

"சத்தம் நல்லா கேக்குமா?" கணவரின் முகம் மலர்ந்தது. கீலைக் கையில் பிடித்தபடியே நின்று, தென்னைகளுக்கு நடுவே தெரிந்த படகுத்துறையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "இந்த வீடுதான். முடிச்சிடு" என்றார் மனைவியிடம்.

"முடிச்சிடலாம். ஆனா சுவத்து ஈரம், தொட்டி, கீல், நான் தள்ளியும் திறக்காத பின்கதவு எல்லாத்தையும் வீட்டுக்காரர் தன் செலவுல சரி பண்ணித் தரணும். எழுதிக் கொடுங்க."

வேறு நாளாக இருந்தால் தரகர் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். இன்று மணி மூன்று நாற்பது! வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். "ஒத்துக்குங்க சார், யோசிக்காதீங்க, படகு போயிடும்!" ஊரை அவசரப்படுத்தியே பிழைத்தவர், அன்று தன் அவசரத்தில் தானே மாட்டிக்கொண்டார். எழுதி, கையெழுத்துப் போட்டு, அட்வான்ஸையும் வாங்கிக்கொண்டார்.

"கிளம்பலாம்" என்றார் கணவர். "ஒம்பது நிமிஷ நடை. வரும்போதே பாத்துக்கிட்டேன்."

தரகர் நடக்கவில்லை, ஓடினார். படகில் ஏறி விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மனைவி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சார் எங்கம்மா? இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்கு! அந்தக் கல்நெஞ்சக்காரன் விட்டுட்டுப் போயிடுவான்!"

"அந்தக் கல்நெஞ்சக்காரர் இப்பத்தான் ஏறினாரு" என்று மனைவி மேலே கையைக் காட்டினார்.

பன்னிரண்டு வருடமாகத் தரகர் நிமிர்ந்தே பார்த்திராத கண்ணாடி அறையில், கணவர் தொப்பியை மாட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக நான்கு மணிக்கு ஹாரன் அலறியது.

"அடுத்த மாசத்துலேருந்து புது ஆளு வரப்போறான்" என்றார் மனைவி சிரித்துக்கொண்டே. "அவனும் சரியா நாலு மணிக்கு எடுக்கிறானான்னு பாக்கத்தான் இவருக்கு அந்த ஜன்னல்!"