விரலுக்கும் தரைக்கும் நடுவே

ஆஸ்பத்திரி ஜன்னல் வெயில் சிமெண்டுத் தரையில் சதுரமாக விழுந்திருக்கிறது. அதில் நின்று, முழங்கால் மடங்காமல் குனிகிறாள் அம்சம். அறுப்புத் தகராறில் மிராசுதாரின் ஆட்கள் அடித்த இடுப்பு. அவளால் வயல்வேலை முடியாது என்று டாக்டர் எழுதிவிட்டால் மிராசுதார் குத்தகை நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார். டாக்டரம்மா அவள் விரல் நுனியிலிருந்து தரைக்கு இஞ்சுடேப்பைப் பிடிக்கிறார். "தரையைத் தொடணும்மா. ஒரு சாண் குறையுது." அம்சம் நிமிரவில்லை. மூக்கு நுனி வியர்வை வெயிலில் சொட்டிக் கறுப்பாய்ப் படர்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாற்றைப் பிடித்ததுபோலச் சேர்ந்திருக்கின்றன. "நான் என்ன சிமெண்டுலயா நாத்து நடப்போறேன்? சேத்துல காலு ஒரு சாண் எறங்கும் டாக்டரம்மா. கை எட்டும்னு எழுதுங்க."